வலது யானையின் தும்பிக்கை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு யானைக்குக் காதிலிருந்து தும்பிக்கை முளைத்துவிட்டது.

பதறாதீர்கள். மர யானைதான்.

என் அக்கா சித்தையன்கோட்டையில் வீடு கட்டுகிறாள். தலைவாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி பலகை வைக்க வேண்டும். நடுவில் தாமரை மேல் லட்சுமி, இந்தப் பக்கம் ஒரு யானை, அந்தப் பக்கம் ஒரு யானை. கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஆனால், “எந்தம்பி மெஷின் வச்சிருக்கான், அவன் செஞ்சு தருவான்” என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நிலை வைக்க நாளும் குறித்தாகிவிட்டது.

மெஷின் என்றால் சி.என்.சி. ரவுட்டர். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கட்டில் அளவுக்கு ஒரு மேசை. அதன் இரண்டு பக்கமும் நீளமாக இரும்புக் கம்பிகள். அந்தக் கம்பிகள் மேல் ஒரு பாலம் முன்னும் பின்னும் ஓடும். பாலத்தில் சுழல்கிற கத்தி. கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் கொடுத்தால், கத்தி அதே படத்தைப் பலகையில் செதுக்கும். நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அல்லது, என்னைப்போல சந்தேகத்தோடு பார்க்கலாம்.

அன்றைக்கு இடது யானை பிரமாதமாக வந்தது. லட்சுமியும் அப்படியே — மூக்குத்தி முதற்கொண்டு. கத்தி வலது யானைக்குப் போனது. மெஷின் ஒரு முக்கு முக்கியது. ‘டர்ர்’ என்றது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு செதுக்கியதெல்லாம் ஒரு விரற்கடை தள்ளி. தும்பிக்கை காதில். தந்தம் அந்தரத்தில். நல்ல தேக்குப் பலகை... பாழ்.

இது ஏன் நடந்தது என்று ஒரு இன்ஜினியர் கேட்டிருப்பார். நான் கேட்டது வேறு. இதைச் செய்தது யார்?

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், என் உத்தியோகமே அது. இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கிற வேலை. எரிந்துபோன குடோன், நத்தம் ரோட்டில் கவிழ்ந்த லாரி, திருடுபோன பம்ப்செட்... தீப்பிடித்துவிட்டது என்று சொன்னால் மற்றவர்கள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தீப்பெட்டி எங்கே என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம். இத்தனை வருடம் இதையே செய்தால் வீட்டுக்குள் வரும்போது மட்டும் அந்தக் குணத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட முடியுமா?

முடியாது. சட்னியில் உப்பு கூடினால்கூட விசாரணை வைப்பேன். குரலும் கொஞ்சம் பெரிசு. கொஞ்சம் என்பது நான் சொல்வது. தெருமுனை டீக்கடைக்காரரைக் கேட்டால் வேறு சொல்வார்.

சரி, மெஷின் கதைக்கு வருவோம். அதை வாங்கியதே பெரிய விசாரணைதான்.

மர வேலை எனக்குப் பொழுதுபோக்கு. சனி, ஞாயிறு ஆனால் கொல்லைப்புற ஷெட்டுக்குள் புகுந்துகொள்வேன். வீட்டுப் பெயர்ப்பலகை, சாமிப்படத்துக்குச் சட்டம், இப்படி ஏதாவது. பிரவுசிங் சென்டரில் ஒரு நாள் அந்த மெஷின் ஓடுகிற வீடியோவைப் பார்த்தேன். அது முழுதாக ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள், எங்கள் ஊர் இன்டர்நெட் வேகம் அப்படி. பார்த்து முடித்ததும் ஆசை பிடித்துக்கொண்டது.

ஆசை வந்ததும் ஆராய்ச்சி. வெளிநாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணைய மன்றத்தில் சேர்ந்தேன். ஒருவர், பெல்ட் வைத்த மெஷின்தான் உசத்தி என்பார். அடுத்தவர், பெல்ட் இழுபடும், ஸ்க்ரூ ராடுதான் வாங்க வேண்டும் என்பார். மூன்றாமவர், இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது என்பார். எனக்கு மூன்றாமவரை மட்டும்தான் நம்பத் தோன்றியது.

சென்னையில் ஒரு கம்பெனி சீன மெஷினை இறக்குமதி செய்து விற்றது. போன் செய்தேன். “உங்க தேவைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும் சார்” என்றார் அந்தப் பிள்ளை. என் தேவை என்ன என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே? வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கதிர் ஒரு யோசனை சொன்னான்.

கதிர் என் மனைவி ஈஸ்வரியின் தம்பி. ஒட்டன்சத்திரத்துப் பக்கம் பிறந்து, இப்போது கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். எனக்கு மாப்ள. அவனுக்கு நான் மச்சான். ஈஸ்வரிக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. ஊரிலிருந்த வீட்டையும் கொடுத்தாயிற்று. அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருக்கிறதென்றால், அது இந்த ஒரு ஆள்தான். தீபாவளிக்குச் சேலை, ஆடிக்கு அழைப்பு, மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பை நிறைய ஊர்க் காய்கறி... எல்லாமே அவன் கையால்தான் வரும். அவன் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள்.

“ஏனுங்க மச்சான், எங்க பட்டறைக்குப் பக்கத்துல ஒருத்தருங்க. பெரிய மெஷின் எடுக்கறாரு. பழசக் குடுக்கறாராமா. நல்லா வச்சிருக்கறாருங்க. வந்து பாருங்களேன்” என்றான்.

ஏனுங்க, வாங்க, பாருங்க... அந்தப் பக்கத்து மரியாதைப் பேச்சைக் கேட்டாலே எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும். எங்கள் திண்டுக்கல்லில் “என்னப்பா, வேணுமா வேண்டாமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். இத்தனை ‘ங்க’ போட்டு ஒருவர் பேசினால், அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

போனேன். அந்தப் பட்டறைக்காரர் நேராகவே சொன்னார்: “மூணு வருசம் ஓடுன மெஷினுங்க. கத்தி சுத்தறப்ப கொஞ்சம் சத்தம் வருமுங்க. மத்தபடி குறையில்லீங்க.”

விற்கிறவரே குறையைச் சொல்கிறாரா? அப்படியானால் சொல்லாத குறை எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்?

மேசை மேல் அவர் செதுக்கிய சாமி படங்கள் வரிசையாக இருந்தன. அழகாகத்தான் இருந்தன. இந்த மெஷினில்தான் செதுக்கியது என்பதற்கு என்ன சாட்சி? மஞ்சள் பையிலிருந்து என் சொந்தப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். “இதுல ஒரு வட்டம் போடுங்க.” போட்டார். குறுக்கும் நெடுக்கும் அளந்து பார்த்தேன். சரியான வட்டம். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தால், கதிரும் அந்தப் பட்டறைக்காரரும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

அங்கே விழுந்தது விதை. பையனுக்குக் கமிஷன் இருக்கிறது.

ஆனாலும் வாங்கினேன். சந்தேகம் வேறு, ஆசை வேறு. ஒரு மினி லாரியில் ஏறி மெஷின் எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டருக்குப் போடுகிற அந்த அகலமான கேபிள், எல்லாம் கதிரே மாட்டிக் கொடுத்தான். பெயர்ப்பலகை அடித்தேன். ஜோராக வந்தது. சின்னச் சின்னதாக எது போட்டாலும் வந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டுத்தான் கஜலட்சுமிக்கு உத்தரவு போட்டாள்.

பெரிய பலகை போட்டதும் மெஷின் குணத்தைக் காட்டிவிட்டது.

அந்தச் சனிக்கிழமையே கதிருக்குப் போன் போட்டேன். “ஏலே மாப்ள, என்னத்தையா வாங்கிக் குடுத்த நீ? யானை மூஞ்சியப் பாக்க முடியல.” மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். ஈஸ்வரி இட்லி எடுத்து வைப்பதற்குள் ஷெட்டுக்குள் போய்விட்டான். கொஞ்ச நேரம் குனிந்து குனிந்து பார்த்தான். 

“மச்சான், கடைத்தெருவுல போயி ஒரு டப்பா மெஷின் ஆயில் வாங்கிட்டு வந்தர்றீங்களா?”

போய் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவு பிளைவுட் ஒன்றில் வலது யானை செதுக்கியிருக்கிறான். தும்பிக்கை, தந்தம், கால் நகம்... எல்லாம் அதனதன் இடத்தில்.

“என்னப்பா பண்ணுன?”

“ஒண்ணுமில்லீங்க மச்சான். தூசிங்க.”

தூசியாம். எரிந்த குடோன் முதலாளிகள் ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று சொல்வார்களே, அதே குரல். அதே மாதிரி கண்ணைப் பார்க்காமல். நான் வாங்கி வந்த ஆயில் டப்பாவை அவன் திறக்கக்கூட இல்லை. அப்படியானால் என்னை ஏன் கடைக்கு அனுப்பினான்?

அவன் போன பிறகு ஷெட்டுக்கு ஒரு பூட்டு போட்டேன். எங்கள் ஊர்க்காரனுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நல்ல கனமான பூட்டு. ஒரு சாவி என் பாக்கெட்டில். இன்னொன்று பீரோவுக்குள். பூட்டிவிட்டுச் சாவித்துவாரம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பித் தொங்கவிடுவேன். திறந்தால் தெரிந்துவிடும் அல்லவா?

அடுத்தது அப்கிரேடு. இணைய மன்றத்தில் என் யானையின் போட்டோவைப் போட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாதிப் பேர் மோட்டாரை மாற்று என்றார்கள். மீதிப் பேர் ஸ்க்ரூ ராடை மாற்று என்றார்கள். அந்தப் பாலத்தை இழுத்துக்கொண்டு போகிற நீளமான மரை போட்ட கம்பிதான் ஸ்க்ரூ ராடு. அதற்குப் பதிலாக, உள்ளே இரும்புக் குண்டுகள் உருள்கிற ‘பால் ஸ்க்ரூ’ போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுமாம்.

கதிரிடம் சொன்னேன். “வேண்டாமுங்க மச்சான். மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. எதுக்கு வீண் செலவு?” என்றான்.

இது போதாதா? மெஷின் விஷயம் தெரிந்த எவனாவது புதுச் சாமான் வாங்க வேண்டாம் என்று சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? புதுசு போட்டால் பழசின் லட்சணம் தெரிந்துவிடும். அதுதான் தடுக்கிறான்.

அவனிடம் சொல்லாமலேயே வாங்கினேன். மோட்டாரையும் மாற்றினேன், ஸ்க்ரூவையும் மாற்றினேன், கையோடு ஒரு ஸ்டெபிலைசரும் வைத்தேன். சாயங்காலங்களில் உட்கார்ந்து நானே மாட்டினேன். வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். மேசையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பாலம் வெண்ணெயாக ஓடியது. மனசுக்குள் கதிரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை இரண்டாவது தேக்குப் பலகையை ஏற்றினேன். இடது யானை அருமை. லட்சுமி அருமை.

வலது யானைக்குப் போனதும்... ‘டர்ர்.’

வெளியே வந்து கதவைப் பார்த்தேன். அவசரத்தில் காலையில் கவனிக்காத ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் சாவி போட்டுத் திறந்தபோது துவாரம் என்னைப் பார்த்துக்கொண்டல்லவா இருந்தது! யாரோ திறந்திருக்கிறார்கள்.

யார்? கதிர் கோயம்புத்தூரில் இருக்கிறான். ஆனால் ஆள் வைத்துச் செய்யலாமே? எதிர்வீட்டுக்காரர்? கேபிள் டி.வி. பையன்? இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. போனை எடுத்தேன்.

என்ன பேசினேன் என்று முழுதாக எழுத முடியாது, இது குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை. சாரம் இதுதான்: “நீ எம்புட்டுக் கமிஷன் வாங்குனன்னு நான் கேக்கல. அந்தப் பழைய இரும்ப எடுத்துட்டுப் போயிரு. இனிமே ஒன் சங்காத்தமே எனக்கு வேண்டாம்.”

மறுத்துப் பேசுவான், சத்தியம் செய்வான் என்று எதிர்பார்த்தேன். பேசவே இல்லை. நீண்ட மௌனம். பிறகு, “செரிங்க மச்சான். வந்து எடுத்துக்கறேனுங்க” என்றான்.

ஒப்புக்கொண்டுவிட்டான் பார்த்தீர்களா? குற்றமில்லாதவன் என்றால் இப்படியா பேசுவான்? கிளெய்ம் ரிஜெக்டட். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

அடுப்படி வாசலில் ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. என் குரலுக்கு அவள் எங்கே நின்றாலும் கேட்டிருக்கும்.

“இனி எந்தம்பி இந்தப் படி ஏற மாட்டானுங்க” என்றாள். அழவில்லை. சத்தம் போடவில்லை. உள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் தட்டில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் ‘ம்’, ‘இல்லை’, ‘தெரியாது’ — இந்த மூன்று சொல்தான் புழக்கத்தில் இருந்தது.

எனக்கு உறுத்தாமல் இல்லை. அவளுடைய ஒரே ஆளை நான் வெட்டிவிட்டிருக்கிறேன். ஆனால் பூட்டு திரும்பியிருந்ததே? அந்தக் கையைப் பிடித்துவிட்டால் என் பக்கம் நியாயம் உறுதியாகிவிடும். வியாழன் சாயங்காலம் ஓட்டிப் பார்க்கையில் நன்றாக இருந்தது, சனிக்கிழமை கெட்டிருந்தது. ஆக, நடுவில் வெள்ளிக்கிழமை. நான் ஆபீஸ் போகிற நாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் கிளம்பினேன். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக வந்து, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கேரியர், காலடியில் எறும்புப் புற்று. அரசாங்க அங்கீகாரம் பெற்ற சர்வேயர் இப்படி உட்காரலாமா? கேஸ் முக்கியம்.

செத்த நேரத்தில் அடுப்படிக் கதவு திறந்தது.

ஈஸ்வரி. தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டு. ஒரு கையில் பித்தளைக் கிண்ணம். இன்னொரு கையில் பீரோவிலிருந்த அந்தச் சாவி. பீரோ சாவி இத்தனை வருடமாக யார் இடுப்பில் தொங்குகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பூட்டைத் திறந்தாள். உள்ளே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையின் பின்கோடிக்குப் போய், கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, நான் மாட்டிய அந்தப் புதுப் பால் ஸ்க்ரூவின் கடைசியில், பளபளவென்று இருக்கிற இடத்தில், மூன்று இடத்தில் சந்தனம் வைத்தாள். கை கூப்பினாள். ஜன்னலுக்கு வெளியே கேட்கிற அளவுக்கு வாய்விட்டுச் சொன்னாள்:

“எந்தம்பி பேரக் காப்பாத்திக் குடு சாமி.”

வந்த வழியே ஆபீஸுக்குப் போயிருக்கலாம். ஆனால் பழக்கம் இருக்கிறதே... கால் தானாக உள்ளே போனது. வாயும் திறந்துவிட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்த அடுத்த நொடி, கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இருபத்துச் சொச்சம் வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். நான் ஒரு சொல் சொல்வதற்கு முன்பே சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

“பாலம் ஓடற கம்பியில வெக்கலீங்க” என்றாள், நான் கேட்காமலே. “தம்பி வேண்டாம்னு சொல்லிட்டான். எண்ணெய் படற எடம், அதுல வெக்காதீங்கக்கான்னான். அதான் இதுல... புதுசா வந்திருக்குதேன்னு...”

“எப்பருந்து வெக்கிற?”

“மெஷின் வந்த நாள்லருந்துங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. எங்க ஊருப் பக்கம் அரைவை மில்லு, டிராக்டரு, எதுன்னாலும் வெப்பாங்க. மொதல்ல மரச்சட்டத்துலதான் வெச்சேன். கறை புடிச்சுருச்சுன்னு, என்ன கறைன்னே தெரியாம, அன்னிக்கு நீங்க போட்ட சத்தம் மறந்து போச்சுங்களா? அதான் இரும்புல மாத்துனேன். பின்கோடியில, உங்க கண்ணுல படாத எடமா. குங்குமம் வெச்சா தெரிஞ்சுருமுன்னு வெறும் சந்தனம் மட்டும்.”

சந்தனம் காய்ந்தால் என்ன நிறம்? தேக்குத் தூள் நிறம். எத்தனை தடவை அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன், தூள் என்றே நினைத்திருக்கிறேன். முதலில் கம்பியில், பிறகு ஸ்க்ரூவில், எண்ணெயோடும் மரத்தூளோடும் சேர்ந்து காய்ந்து, பொருக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சின்னப் பலகைக்குப் பாலம் அந்தக் கோடி வரை போவதில்லை. பெரிய பலகைக்கு, அதிலும் வலது யானைக்கு மட்டும்தான் அங்கே போகிறது. போனதும் சிக்குகிறது.

இந்த மெஷினின் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு முழம் போ என்றால், பாதியில் சிக்கி நின்றாலும் ஒரு முழம் போய்விட்டதாகவே நம்பி அடுத்த வேலையைப் பார்க்கும். முழுக்க முழுக்க நம்பிக்கையில் ஓடுகிற மெஷின். போயும் போயும் என்னிடம் வந்து மாட்டியிருக்கிறது.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஈஸ்வரிதான் துணி கிழித்துக் கொடுத்தாள். பிளைவுட் ஒன்றை ஏற்றி வலது யானையை மட்டும் ஓட்டினோம். ஆபீஸுக்கு லீவு சொல்லியாயிற்று. இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் இறங்கியது.

ஈஸ்வரிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. “அப்ப என்னாலதான் இத்தனையுமா?” என்றாள். முகம் சுருங்கிவிட்டது. “தம்பிக்கு இது தெரியுமுங்களா?”

தெரியாமலா? முதல் ஞாயிறே பார்த்திருக்கிறான். என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் துடைத்திருக்கிறான். அக்காவிடம் பக்குவமாக, கம்பியில் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். நான் போனில் கிழித்தபோது, புது ஸ்க்ரூவிலும் அக்கா வைத்திருப்பாள் என்று ஊகிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த மௌனத்தில் அதைத்தான் யோசித்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பேர் தப்பியிருக்கும். சொல்லவில்லை. கமிஷன் வாங்கிய திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டான்.

போன் போட்டேன். ஈஸ்வரி பக்கத்திலேயே நின்றாள்.

“ஏன் மாப்ள எங்கிட்டச் சொல்லல?”

முதலில் மழுப்பினான். விடுவேனா? திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் சொன்னான்:

“சொன்னா அக்காவச் சத்தம் போடுவீங்க மச்சான். நான்னா கோயமுத்தூர்ல இருக்கறேன், போன வெச்சுட்டாப் போச்சு. அக்கா அங்கயே இருக்கோணுமுங்களே.”

“நான் சத்தம் போடுவேன்னு நீயா எப்படிரா முடிவு பண்ணுன?” என்றேன்.

“இப்ப நீங்க கேக்கறதே சத்தமாத்தானுங்க மச்சான் கேக்கறீங்க.”

எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. பட்டறைக்காரரைச் சந்தேகப்பட்டேன், மச்சினனைச் சந்தேகப்பட்டேன், கேபிள்காரப் பையனைக்கூட விடவில்லை. ஒன்றும் தேறவில்லை. இந்த வீட்டில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரே ஒரு ஆள் மேல் சந்தேகம் வைத்திருந்தார்கள். அது நூற்றுக்கு நூறு சரியாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

என் அக்காவின் பலகை அடுத்த நாளே முடிந்துவிட்டது. நிலை வைக்கிற நாளுக்கு முன்பே சித்தையன்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது. அது பெரிய விஷயமில்லை. வெள்ளிக்கிழமை போனில் நடந்த பாக்கியைச் சொல்லி முடிக்கிறேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். எனக்கு இருக்கிற குரலிலேயே தாழ்ந்த குரலை எங்கேயோ தேடி எடுத்துச் சொன்னேன்: “தப்பு என்னோடதுதான் மாப்ள. மனசுல வச்சுக்காத. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. அக்கா ஒன்னையத் தேடுது.”

ஈஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதிர் மெதுவாக, ரொம்ப ஜாக்கிரதையாகக் கேட்டான்:

“வர்றேனுங்க மச்சான்... கொஞ்சம் அக்காகிட்டப் போனக் குடுங்களேன். நெசமாத்தான் கூப்படறீங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கறேன்.”

கொடுத்துவிட்டேன். விசாரிக்கட்டும், அவனுக்கும் ஒரு முறை வரட்டும்.